இறாலுக்கு 2 நிமிடம், அரிசிக்கு 1 மணி நேரம்: ஜப்பானிய இறால் சோற்றில் எதைச் செய்வது?

இறால் 2 நிமிடத்தில் வெந்துவிடும். 4 நிமிடம் போனால் ரப்பர். ஜப்பானிய அரிசியோ கழுவி, ஊறி, வெந்து, அடங்க ஒரு மணி நேரம் கேட்கும். இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் சேர்க்க ஜப்பானியச் சமையலில் பல வழிகள் உண்டு. சோற்றின் மேல் பொரித்த இறாலை வைக்கும் டெண்டோன், கடைசி நொடிவரை இரண்டையும் பிரித்தே வைக்கிறது. வறுத்த சோறான சாஹான், ஏற்கெனவே வெந்த சோற்றை எடுத்துக்கொள்கிறது. வெண்ணெய்ச் சோறான பிலாஃப், இறாலின் ஓட்டை அரிசியோடும் சதையைக் கடைசியிலும் சேர்க்கிறது. தாகிகோமி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடுகிறது. பெரும்பாலும் அங்கேதான் இறால் கெடுகிறது. எதைச் செய்யலாம் என்பதை ருசியைவிட உங்கள் அடுப்பின் வேகமும் சாப்பிடுபவர்களின் எண்ணிக்கையும்தான் முடிவு செய்யும்.

எதைச் செய்தாலும் முதலில் இவை

உறைந்த இறால் என்றால் 500 மி.லி. குளிர்ந்த நீரில் 1 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் போட்டு உருக விடுங்கள். வெறும் தண்ணீரில் உருகினால் சுவை வெளியேறி சதை சொதசொதக்கும். உருகியதும் ஓட்டையும் முதுகில் ஓடும் கறுப்புக் குடலையும் எடுங்கள். 250 கிராம் இறாலுக்கு 1 மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச் (சோள மாவும் போதும்), அரை டீஸ்பூன் உப்பு, 2 மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துப் பிசையுங்கள். ஒரு நிமிடத்தில் மாவு சாம்பல் நிறமாகும். அழுக்கும் கவிச்சியும் அதில்தான் இருக்கின்றன. இரண்டு முறை அலசித் துணியில் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், வாணலியில் இறால் வதங்காமல் வேகும். பாக்கெட்டில் பாஸ்பேட் என்று அச்சிட்டிருந்தால் அந்த இறால் தண்ணீரைக் குடித்தது. கண்ணாடிபோல மினுங்கும், சூடு பட்டதும் குளமாகத் தண்ணீர் விடும். சாஹானுக்கு அது ஆகவே ஆகாது.

அரிசி விஷயத்தில் டெண்டோனுக்குச் சலுகை இல்லை. கொஷிஹிகாரி போன்ற ஜப்பானிய அரிசிதான் வேண்டும். அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவாக இருப்பதால்தான் அது ஒட்டுகிறது, மணி சின்னதாக இருப்பதால் அல்ல. சீரகச் சம்பாவின் உருவத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பிரியாணிக்குப் பொலபொலவென வேகும் அரிசி. ஜப்பானிய அளவில் 1 கோ என்பது 180 மி.லி., எடையில் 150 கிராம். கழுவி, வெயில் காலத்தில் 30 நிமிடமும் குளிர் காலத்தில் 60 நிமிடமும் ஊற வைத்து, கோவுக்கு 200 மி.லி. தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 12 நிமிடம் வைத்து அணைத்து, மூடியைத் திறக்காமல் 10 நிமிடம் விடுங்கள். 1 கோ அரிசி ஏறக்குறைய 340 கிராம் சோறாகும்.

டெண்டோன்: இருவருக்கு மேல் வேண்டாம்

சோற்றின் மேல் இறால் டெம்புரா (மெல்லிய மாவில் தோய்த்துப் பொரித்தது), அதன் மேல் இனிப்பும் உப்புமான சாறு. இந்த நான்கில் ருசியில் இதற்கு இணை இல்லை, சிரமத்திலும் இல்லை. காரணம் நேரம். பொரித்த மாவு 3 நிமிடத்தில் தளரத் தொடங்கும். மூன்றாவது ஆளுக்குப் பொரிக்கும்போது முதல் ஆளின் கிண்ணம் ஆறிவிடும்.

சாற்றை முதலில் செய்துவிடுங்கள். தாஷி (ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு) 80 மி.லி., சோயா சாஸ் 40, மிரின் (இனிப்பான அரிசி மது) 40, சர்க்கரை 1 மேசைக்கரண்டி சேர்த்து மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை மெல்லக் கொதிக்கட்டும். தாஷிக்கு 500 மி.லி. தண்ணீரில் 5 கிராம் கொம்புவை (காய்ந்த கடற்பாசி) அரை மணி நேரம் ஊற வைத்து, சூடாக்கி, கொதிக்கும் முன் எடுத்துவிட்டு, 10 கிராம் கட்சுவோபுஷி (காய வைத்துச் சீவிய சூரை மீன்) போட்டு 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள். கொம்புவைக் கொதிக்க விட்டால் வழவழப்பும் கடற்பாசி வாடையும் வரும். கொம்புவில் சுவை தருவது குளுட்டமேட் என்று வேதியியலாளர் இகெதா கிகுனாயெ 1908இல் கண்டார். கட்சுவோபுஷியில் இருக்கும் இனோசினேட்டை 1913இல் கொதாமா ஷின்தாரோ கண்டார். இரண்டும் சேர்ந்தால் சுவை தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு தூக்கும். அதனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை இரட்டிப்பாகப் போடுவது சரிவராது. மிரின் இல்லையென்றால் மேசைக்கரண்டிக்கு 1 டீஸ்பூன் சர்க்கரையும் மீதிக்குத் தண்ணீரும் வைத்துச் சமாளிக்கலாம். பளபளப்பு கொஞ்சம் குறையும்.

ஆளுக்கு 3 இறால், ஒவ்வொன்றும் 20 கிராமுக்குக் குறையாமல். வால் இருக்கட்டும். ஆனால் வால் நுனியைச் சாய்வாக வெட்டி, கத்தி முதுகால் வழித்து உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் எண்ணெயில் வெடிக்கிறது. வயிற்றுப் பக்கம் குறுக்காக 4 கீறல் போட்டு, கவிழ்த்து வைத்து விரலால் அழுத்துங்கள். ‘படக்’ என்று நார் விடுபடும் உணர்வு வந்தால்தான் இறால் பொரியும்போது சுருளாமல் நீளமாக நிற்கும். கீறினால் மட்டும் போதும் என்று அழுத்தாமல் விடுபவர்களின் இறால்தான் பாதி வளைந்து வரும்.

மாவுக்கு ஒரு சின்ன முட்டையும் பனிக்கட்டி நீருமாகச் சேர்த்து மொத்தம் 200 மி.லி., மாவு 110 கிராம். ஜப்பானில் புரதம் குறைந்த ஹாகுரிகிகோ மாவைப் பயன்படுத்துகிறார்கள். மைதாவில் புரதம் கூடுதல் என்பதால் 85 கிராம் மைதாவும் 25 கிராம் சோள மாவும் கலந்துகொள்ளுங்கள். குச்சியால் பத்துப் பன்னிரண்டு முறை குத்திவிட்டால் போதும். கட்டிகள் தெரியட்டும். பஜ்ஜி மாவுபோலக் கரைத்தால் குளுட்டன் என்ற மாவுப் புரதம் இழை பிடித்து, பஜ்ஜிதான் வரும்.

16 செ.மீ. பாத்திரத்தில் 3 செ.மீ. ஆழத்துக்கு எண்ணெய், ஏறக்குறைய 600 மி.லி. வெப்பம் 180 டிகிரி. ஒரு சொட்டு மாவு பாதி ஆழம் இறங்கி உடனே மேலே வந்தால் சரியான சூடு. அடியைத் தொட்டு மெல்ல எழும்பினால் போதாது. இறங்காமல் மேலேயே சிதறினால் அதிகம். இறாலை முதலில் உலர்ந்த மாவில் புரட்டிப் பிறகு கரைசலில் தோய்த்துப் போடுங்கள். உலர்ந்த மாவைத் தவிர்த்தால் மேல்பூச்சு சட்டைபோலக் கழன்று வரும். ஒரு ஈடுக்கு 3 இறால், ஒன்றரை முதல் 2 நிமிடம். பெரிய குமிழ்கள் சிறிதாகி, சலசலப்பு உயர்ந்த ஒலியாக மாறும்போது எடுங்கள்.

தோக்கியோவின் பழைய பாணியில் எள்ளெண்ணெயில் பொரிப்பார்கள். ஆசாகுசாவில் 1887இல் தொடங்கிய டைகோகுயா உணவகம் இன்றும் அப்படித்தான் செய்கிறது. கருத்த டெம்புரா, கருத்த சாறு. வீட்டில் வறுத்த எள்ளின் எண்ணெய் 1 பங்கு, மணமில்லாத எண்ணெய் 4 பங்கு போதும். செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது என்பதால் அந்த மணத்தைத் தராது.

சாற்றை ஊற்றுவதா, தோய்ப்பதா? தோய்ப்பதே மேல். சூடான சாற்றில் ஒரு பக்கத்தை மட்டும் 1 நொடி தோய்த்துச் சோற்றின் மேல் வையுங்கள். ஊற்றினால் சோறும் குழையும், மாவும் குழையும்.

எபி ஃபுராய்: பக்கத்துத் தட்டில் இருக்கட்டும்

டெம்புராவின் நேரக்கெடு பயமாக இருந்தால் எபி ஃபுராய் (எபி என்றால் இறால்) நல்ல மாற்று. மாவு, முட்டை, பான்கோ ரொட்டித்தூள் என்று மூன்று பூச்சு. 175 டிகிரியில் 2 நிமிடம். பூசி முடித்துக் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைக்கலாம், உறையவும் வைக்கலாம். டெம்புராவில் அது நடக்காது. கரகரப்பும் நீண்ட நேரம் நிற்கும். ஆனால் சோற்றின் மேல் வைத்துச் சாறு ஊற்றாதீர்கள். பான்கோ பஞ்சுபோல உறிஞ்சிவிடும். சோறு தனி, துருவிய முட்டைக்கோஸ் தனி, டார்ட்டார் சாஸ் தனி என்று மேற்கத்தியப் பாணியில் பரிமாறப் பிறந்த பதார்த்தம் இது.

எபி சாஹான்: மிச்சச் சோறு இருந்தால்

நேரக் கணக்கில் இதுதான் வேகம்; வாணலி சூடானபின் 4 நிமிடம். சிக்கல், வீட்டு அடுப்பின் பலவீனம். அதனால் ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் செய்யுங்கள்: சோறு 250 கிராம், இறால் 80 கிராம், முட்டை 1, எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, உப்பு கால் டீஸ்பூனுக்குச் சற்று மேல், சோயா சாஸ் 1 டீஸ்பூன். நாலு பேருக்கு மொத்தமாகப் போட்டால் வாணலியின் சூடு விழுந்து, சோறு ஆவியில் அவிந்து உப்புமா பதத்துக்கு வரும்.

‘பழைய குளிர்ந்த சோறுதான் நல்லது’ என்பது பாதி உண்மை. குளிர்பெட்டிச் சோற்றின் மேல் ஈரம் இல்லை, அது நல்லது. ஆனால் மாவுச்சத்து இறுகிக் கட்டியாக நிற்கிறது. கரண்டியால் உடைத்தால் மணி முறியும், உடைக்காவிட்டால் உள்ளே சில்லென்று இருக்கும். மைக்ரோவேவில் இளஞ்சூடாக்கி உதிர்த்துப் போடுங்கள். புதிதாக வடிப்பதானால் தண்ணீரைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, தட்டில் பரப்பி 10 நிமிடம் ஆவி போக விடுங்கள். எதுவானாலும் வெந்த சோற்றை இரவெல்லாம் வெளியே வைக்காதீர்கள். அதில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடும் நஞ்சு, மறுபடி வறுத்தாலும் அழியாது.

இறாலுக்கு 1 டீஸ்பூன் ஸ்டார்ச் பூசி, 1 நிமிடம் வறுத்துத் தட்டில் எடுத்துவிடுங்கள். முக்கால் வேக்காடு போதும். வாணலி புகையும் நிலைக்கு வந்ததும் எண்ணெய், உடனே முட்டை. 5 நொடியில், முட்டை பாதி நீராக இருக்கும்போதே சோறு. இந்த வரிசை தவறினால் முட்டை தனி, சோறு தனி. அழுத்திப் பரப்பி, புரட்டி, 2 நிமிடம். உப்பு, வெங்காயத்தாள், எடுத்து வைத்த இறால். சோயா சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரச் சூட்டில் விடுங்கள். அங்கே கருகும் மணம்தான் சாஹானின் மணம். அடுப்பு மிகவும் மெதுவானது என்றால் முட்டையைச் சோற்றோடு முன்கூட்டியே பிசைந்து வறுக்கலாம். மணிகள் ஒட்டாது, ஆனால் பஞ்சுபோன்ற முட்டைத் துண்டுகள் கிடைக்காது.

வெளிநாட்டு உணவகங்களில் ‘ஹிபாச்சி’ இறால் சோறு என்று வெண்ணெயும் பூண்டும் போட்டுத் தருவதைத் தேடி வருபவர்களுக்கு ஒரு சொல். ஜப்பானில் ஹிபாச்சி என்பது கரி போட்டுக் கைகாய வைக்கும் கணப்புச் சட்டி. இரும்புத் தகட்டில் சமைப்பது தெப்பன்யாகி. அந்தப் பாணியை 1964இல் நியூயார்க்கில் திறந்த பெனிஹானா அமெரிக்காவில் பரப்பியது. மேலே சொன்ன அளவில் எண்ணெயைப் பாதியாக்கி, 10 கிராம் வெண்ணெயும் பொடியாக நறுக்கிய 1 பல் பூண்டும் கடைசி 30 நொடியில் சேர்த்தால் அந்த ருசி வந்துவிடும்.

எபி பிலாஃப்: நாலு பேருக்கு இதுதான்

ஜப்பானின் காப்பிக் கடைகளில் தட்டில் கவிழ்த்துத் தரும் வெண்ணெய்ச் சோறு. முதல் முயற்சிக்கு என் ஓட்டு இதற்கே. மற்றவற்றில் குப்பைக்குப் போகும் ஓடு இங்கே ருசியின் முதுகெலும்பு.

ஓட்டோடு 350 கிராம் இறால் வாங்குங்கள். ஓட்டையும் தலையையும் 1 மேசைக்கரண்டி எண்ணெயில் சிவந்து மணம் வரும்வரை வறுத்து, 500 மி.லி. தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். அதற்கு மேல் போனால் கசப்பு இறங்கும். 2 கோ, அதாவது 300 கிராம் அரிசியைக் கழுவி வடிதட்டில் 30 நிமிடம் வையுங்கள். தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். ஊறிய அரிசி வதக்கும்போது முறிந்து, கஞ்சி விட்டு, பிலாஃப் களியாகும். 20 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய அரை வெங்காயத்தை 3 நிமிடம் வதக்கி, அரிசி போட்டு மணி கண்ணாடிபோல ஆகும்வரை 2 நிமிடம் கிளறுங்கள். சூடான ஓட்டுச்சாறு 360 மி.லி., உப்பு மட்டமாக 1 டீஸ்பூன். சாறு சூடாக இல்லாவிட்டால் கொதி வரத் தாமதமாகி, மேல்பகுதி குழைந்து நடுவில் விறைப்பு நிற்கும். மூடி, தீயைக் குறைத்து 12 நிமிடம்.

இதற்கிடையில் இறாலை 10 கிராம் வெண்ணெயில் பக்கத்துக்கு 30 நொடி. உள்ளே இன்னும் கண்ணாடி நிறம் தெரிய வேண்டும். அடுப்பை அணைத்ததும் இறாலையும் அது விட்ட சாற்றையும் சோற்றின் மேல் வைத்து மூடி 10 நிமிடம். மீதி வேக்காட்டைச் சோற்றின் சூடு பார்த்துக்கொள்ளும். C எழுத்துபோல வளைந்திருந்தால் பதம். O போல மூடிக்கொண்டால் கடந்துவிட்டது. காளான் சேர்ப்பதானால் சாற்றில் 2 மேசைக்கரண்டி குறையுங்கள்.

தாகிகோமி: இறாலை மாற்றினால் மட்டும்

வேகாத அரிசி, சோயா சாஸ், சாமான்கள் எல்லாம் ஒன்றாக வேகும் சோறு. பெரிய இறால் இதில் 25 நிமிடம் சிக்கி ரப்பராகும். சதையைச் சாற்றில் 1 நிமிடம் வேக வைத்து எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் சோறு வடித்துக் கடைசியில் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தச் சிரமத்துக்குப் பிலாஃபே மேல்.

நீண்ட வேக்காட்டைத் தாங்கும் இறால் ஒன்று உண்டு: ஷிசுவோகாவின் சுருகா வளைகுடாவில் பிடிக்கும் சகுரா எபி. விரலளவுகூட இல்லாத இளஞ்சிவப்பு இறாலை வெயிலில் காய வைத்திருப்பார்கள். 2 கோ அரிசிக்கு 12 கிராம் போதும். அரிசி தண்ணீரில் ஊறி முடித்தபிறகே சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, மிரின் 1 மேசைக்கரண்டி சேர்க்க வேண்டும். அந்த அளவுக்குத் தண்ணீரை எடுத்துவிடுங்கள். உப்பு முன்பே சேர்ந்தால் அரிசி தண்ணீர் குடிக்காது. காய்ந்த இறாலை மேலே தூவிக் கிளறாமல் மூடுங்கள். சகுரா எபி கிடைக்காத இடத்தில் நம் கடற்கரைச் சந்தைகளில் விற்கும் சென்னாக்கூனி ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். மணலும் உப்பும் அதிகம் என்பதால் சலித்து, இரண்டு முறை அலசி, வெறும் வாணலியில் மொறுமொறுவென வறுத்து, சோயா சாஸை 1 மேசைக்கரண்டியாகக் குறையுங்கள்.