பூச்சு போட்ட ஈயக்குண்டு: நாலு வருடம் தூண்டிலில் கட்டிப் பார்த்த அனுபவம்

நான் பாம்பனில் கைத்தூண்டில் போடுகிறவன். சின்ன பைபர் வத்தை, கூட ஒரு ஆள், அவ்வளவுதான். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிப்பாக இருக்கும், அப்போது வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் போவோம். வாடைக்காற்று தொடங்கினால் வடகடலை விட்டு மன்னார் வளைகுடாப் பக்கம் திரும்பிவிடுவோம். 2021-லிருந்து என் தூண்டிலில் பூச்சு இல்லாத ஈயத்தைக் கட்டுவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கலர் கலராக இருக்கும் குண்டைக் கையில் வாங்கி உருட்டி, "மீனுக்குப் பிடிக்கும்னு அடிச்சீங்களாண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். மீனுக்காக இல்லை. கைக்காக, வீட்டுக்காக.

எங்கள் அப்பா சின்ன ஈயத்தைத் தூண்டில் நரம்பில் (நைலான் இழையில்) வைத்துப் பல்லால் கடித்துத்தான் இறுக்குவார். நானும் அப்படித்தான் பழகினேன். ஒரு கையில் தங்கூசு நரம்பு, மறு கையில் இரை இருக்கும்போது பல்தான் குறடு. ஈயத்தைத் தொட்டால் கை கருக்கும், அந்தக் கையாலேயே வெற்றிலை மடிப்போம், கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவோம். கடல் தண்ணீரில் அலசிக்கொண்டால் கை சுத்தம் என்று நினைப்பு. 2020 கடைசியில் ஒரு நாள் என் சின்ன மகள், அப்போது அவளுக்கு மூன்று வயது, திண்ணையில் கிடந்த குண்டை வாயில் போட்டு மிட்டாய் மாதிரிச் சப்பிக்கொண்டிருந்தாள். ஈயம் லேசாக இனிக்கும் என்பார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. குழந்தையின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரைக்கும் இருக்கலாம் என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூளை வளரும் வயதில் உள்ளே போகும் ஈயம் செய்கிற கேட்டை மருந்தால் திருப்பி எடுக்க முடியாது.

அப்போது முதலில் ஈயத்தையே விட்டுவிடப் பார்த்தேன். இரும்பு நட்டு, போல்ட்டு கட்டினேன், கல் கட்டினேன். தொழிலுக்கு ஒத்துவரவில்லை. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.9 கிராம். 100 கிராம் ஈயம் கடல் தண்ணீருக்குள் போனால் 91 கிராம் போல எடை காட்டும். அதே 100 கிராம் சிமெண்டுக் கட்டி 57 கிராம்தான் காட்டும், உருவமோ நாலைந்து மடங்கு பெரியது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கிற நேரத்தில் பெரிய உருவம் என்றால் நரம்பு வில்லாக வளைந்து போய்விடும், மீன் கொத்துவது விரலுக்குத் தெரியாது. கைத்தூண்டிலில் விரல்தானே கண். இரும்பு பரவாயில்லை, ஆனால் ஒரு மாதத்தில் துருப்பிடித்து நரம்பை அறுக்கிறது.

பூச்சு யோசனை வந்தது வேறு பக்கத்திலிருந்து. ராமநாதபுரத்தில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறையில் என் மச்சான் வேலை பார்க்கிறான். கேட்டுக்கும் ஜன்னலுக்கும் தூள் அடித்துச் சூளையில் வேகவைக்கிற வேலை. அவன் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் ரிவால்வர் தோட்டாவைத் தாங்களே தயார் செய்கிற ஆட்கள், ஈயக்குண்டை வார்த்து, பிளாஸ்டிக் டப்பாவில் கலர்த் தூளோடு போட்டுக் குலுக்கி, அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள். வெறும் ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் தேய்ந்து ஒட்டிக்கொள்ளுமாம். முன்பு அதற்கு மெழுகு தடவினார்கள், இப்போது இந்தப் பூச்சு. "குழலுக்கே ஒட்டாதுன்னா நம்ம கைக்கு ஒட்டுமா மச்சான்?" என்றான். சரி, செய்து பார்ப்போம் என்று ஆரம்பித்தோம்.

பூச்சைப் பற்றிப் பேசுமுன் ஈயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி தப்பு அங்கேதான் நடக்கிறது. டயர் கடைகளில் சக்கரத்துக்குச் சமன் பார்க்க வைக்கிற பழைய எடைத்துண்டுகளைத்தான் நான் அதிகம் வாங்குகிறேன். அதில் இப்போது மூன்று சாதி கலந்து வருகிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, தூக்கிப் போடுங்கள். குறடால் அழுத்தினால் பள்ளம் விழுவது ஈயம். அழுத்தியும் தடம் விழாமல் கடினமாக இருந்தால் துத்தநாகம். ஈயம் உருகுவது 327 டிகிரியில், துத்தநாகம் 420 டிகிரிக்குப் பக்கத்தில். அடுப்பை அளவாக வைத்தால் துத்தநாகத் துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் அதுவும் கரைந்து, மொத்த உருக்கும் கஞ்சி மாதிரிக் கட்டிக் கட்டியாகிவிடும். பிறகு அதில் நல்ல குண்டு விழாது.

பழைய பேட்டரியை மட்டும் உடைக்காதீர்கள். சும்மா கிடைக்கிறது என்று எங்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் உடைத்து உருக்குவதை நானே பார்த்திருக்கிறேன். அதன் தகட்டில் ஒட்டியிருக்கிற தூள் முழுக்க விஷம், அமிலம் வேறு, சூடு பண்ணும்போது வருகிற புகை ஆளைச் சாய்க்கக்கூடியது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உருக்குவதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்திருக்கிறேன், அவை வீட்டுக்குள் வராது. வெட்டவெளியில், காற்று என் முதுகிலிருந்து அடிக்கிற மாதிரி உட்காருவேன். மேலே படியும் கசடை ஒரு துண்டு மெழுகுவர்த்தி போட்டுக் கிண்டி வழித்து எடுப்பேன். வழித்த சாம்பல் பொடிதான் எல்லாவற்றையும்விட மோசம், அதை மூடி போட்ட டப்பாவில் வைப்பேன். அப்புறம் ஈரம். 2022 வாடை மாதத்தில், இரவெல்லாம் வெளியே கிடந்த அலுமினிய அச்சைத் துணியால் துடைத்துவிட்டு அப்படியே ஊற்றினேன். துளைக்குள் ஈரம் இருந்திருக்கிறது. தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். படார் என்று ஒரு சத்தம், உருகிய ஈயம் என் இடது புறங்காலில் மூன்று இடத்தில் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. கடற்கரை மணலில் குழி பறித்து ஊற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். மேல் மணல் காய்ந்து தெரிந்தாலும் ஒரு விரற்கடை கீழே ஈரம்தான். அச்சை அடுப்போரம் வைத்து, தொட முடியாத அளவு சூடான பிறகுதான் இப்போது ஊற்றுகிறேன். கண்ணாடியும் பூட்ஸும் போடாமல் உட்காருவதில்லை.

இனி பூச்சு. முதலில் சாதாரண எனாமல் பெயிண்ட்தான் அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. தென்கடலில் நாலே தடவை பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், உரசியதும் தோல் உரிவதுபோல் பட்டை பட்டையாக உரிந்துவிட்டது. அடுத்து அந்த வீடியோவில் பார்த்த டப்பாக் குலுக்கல். அது எங்கள் ஊருக்கு ஆகவில்லை. உரசலில் வருகிற மின்னேற்றத்தால்தான் தூள் ஈயத்தில் ஒட்ட வேண்டும், பாம்பன் காற்றில் எப்போதும் இருக்கிற ஈரத்தில் அது தங்குவதில்லை. பாதிக் குண்டு வெறுமையாக வந்தது, தூளும் கட்டி தட்டியது. மச்சான்தான் வழி சொன்னான்: குண்டை முதலில் சூடு பண்ணு, சூட்டோடு தூளில் முக்கு. 150 டிகிரி போலச் சூடான குண்டைக் கம்பியில் பிடித்து, சலித்த தூளுக்குள் ஒரே ஒரு முறை விட்டு எடுத்தால் தூள் இளகி ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நொடி போதும். அதிக நேரம் வைத்தால் தடித்துப்போய்ச் சொட்டு தொங்கும்.

அப்புறம் வேகவைப்பது. நான் வாங்குகிற பாலியெஸ்டர் தூளுக்கு 200 டிகிரியில் 10 நிமிடம் என்று போட்டிருக்கிறது. அந்த 10 நிமிடம் உலோகமே அந்தச் சூட்டுக்கு வந்த பிறகு எண்ண வேண்டிய கணக்கு. 200 கிராம் குண்டு சூடேறவே நேரம் எடுக்கும். மொத்தம் 25 நிமிடம் விடுகிறேன். இதற்கென்று ஒரு பழைய மின் அடுப்பு வாங்கிக் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கிறேன், அதில் சாப்பாட்டுச் சாமான் எதுவும் வைப்பது கிடையாது. அடுப்பின் திருகில் எழுதியிருக்கிற எண்ணையும் நம்பாதீர்கள். என் முதல் அடுப்பில் 200 வைத்தேன், திறந்து பார்த்தால் பன்னிரண்டு குண்டும் கீழ்ப்பக்கம் வழிந்து மெழுகுவர்த்திபோல் நின்றன. ஈயம் 327 டிகிரியில்தானே உருகும், எப்படி என்று குழம்பினேன். டயர் எடையில் ஆன்டிமனி என்ற வேறொரு உலோகம் கலந்திருக்கிறது, அந்தக் கலவை 252 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். அடுப்பு சொன்னதைவிட ஐம்பது டிகிரிக்கு மேல் கூடுதலாகப் போயிருக்கிறது. இப்போது உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைத்துத்தான் வேலை.

வெந்ததா இல்லையா என்று அறிய இரண்டு சோதனை, இரண்டும் அந்தத் துப்பாக்கிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்தால் கலர் துணியில் இறங்கக் கூடாது. ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கினால் பூச்சும் கூடவே வளைய வேண்டும், பொரிந்து உதிரக் கூடாது. ஒரே தடவையில் வேகிற ஒவ்வொரு ஈடிலும் ஒரு குண்டைப் பலி கொடுத்துப் பார்ப்பேன். சப்பையானதைத் திரும்ப உருக்குவதில்லை, பூச்சு எரியும் புகை நல்லதில்லை.

பயன்பாட்டில் எப்படி என்றால், வடகடல் சேற்றுத் தரையில் ஒரு குண்டு ஒரு வருடத்தைத் தாண்டி நிற்கிறது. தென்கடல் பாரில் விளைமீனுக்கும் களவாய்க்கும் போடும்போது இருபது தடவைக்குள் விளிம்பு தேய்ந்து வெறும் ஈயம் தெரியும். தெரிந்ததும் ஒதுக்கி வைத்து, மாதம் ஒரு முறை கழுவிக் காயவைத்து மறுபூச்சு. பூச்சால் எடை கூடுமே என்று சிலர் கேட்டார்கள். 100 கிராம் குண்டுக்குக் கால் கிராம்போலத்தான் ஏறும், கணக்கில் வராது.

முதலில் கெட்டுப்போகிற இடம் காதுதான், நரம்பு கட்டுகிற வளையம். சாதாரணக் கட்டுக்கம்பி வைத்து வார்த்த குண்டுகளில் உப்புத்தண்ணீர் இறங்கி, கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு பூச்சுக்கு அடியிலேயே பரவி மேல்தோலைத் தூக்கிவிட்டது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. வடிவத்தில், பாருக்கு நீளமாக, இரண்டு முனையும் ஒடுங்கினதுதான் நல்லது, கல் இடுக்கில் மாட்டினாலும் வழுக்கி வருகிறது. பூச்சின் வழுவழுப்பு இதில் உண்மையாகவே உதவுகிறது. நான் இழக்கிற குண்டின் எண்ணிக்கை முன்பைவிடக் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது. வடகடலுக்குத் தட்டையாக வார்த்தால் நீவாட்டில் உருளாமல் உட்காரும்.

நிறத்தில் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் பேத்தை மீன் கடித்துப் பார்க்கிறது, கூடவே நரம்பையும் நறுக்கிவிடுகிறது. கருப்பும் கரும்பச்சையும் போதும். மகளுக்காக ஒரு ஈடு சிவப்பில் செய்யலாமா என்று மச்சான் கேட்டான், வேண்டாம் என்றேன். குழந்தைக்குப் பிடிக்கிற நிறத்தில் ஈயம் இருக்கவே கூடாது.

இந்தப் பூச்சு தீர்க்காத விஷயமும் உண்டு. கடலுக்குள் அறுந்து விழுந்த குண்டு அங்கேயேதான் கிடக்கும், தேய்கிற பூச்சும் பிளாஸ்டிக் துகள்தான். இங்கிலாந்தில் அன்னப்பறவைகள் சின்ன ஈயமணிகளை விழுங்கிச் செத்ததால் 1987-லேயே 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளை விற்கத் தடை போட்டார்கள். நம் பக்கம் 21 தீவுகளைச் சுற்றி 1986-லிருந்து கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கே தூண்டில் போடுவதற்கே இடமில்லை. அதற்கு வெளியே உள்ள பாரிலும், மாட்டும் என்று தெரிந்த இடத்தில் இப்போது நான் ஈயம் இறக்குவதில்லை, கருங்கல் சல்லியைச் சன்ன நூலில் கட்டி விடுகிறேன். அந்தக் காலத்தில் அப்பா பவளக்கல்லைக் கட்டுவார். 2001-லிருந்து பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதனால் கல் என்றால் கரையிலிருந்து கொண்டுபோகிற கருங்கல்தான்.

இன்னும் சரியாக முடியாதது நண்டு வலையின் ஈயமணி. எங்கள் வீட்டில் அதைக் கோக்கிறவர்கள் பெண்கள். ஒரு வலைக்கு உட்கார்ந்தால் அரை நாள் மணியைத்தான் உருட்டிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் பிள்ளைகள் விளையாடும். தூண்டில்காரனைவிட அவர்கள் கையில்தான் ஈயம் அதிகம் படுகிறது. மணியின் வெளிப்பக்கம் பூச்சு நன்றாகப் பிடிக்கிறது, துளைக்குள் தூள் சரியாகப் போவதில்லை, கயிறு உரசி உரசி அங்கிருந்து கருப்பு இறங்குகிறது. துளைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கோத்த ஒரு வலையைப் போன மாதம் இறக்கினோம். கோத்து முடித்து என் மனைவி கையை வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினாள். லேசாகச் சாம்பல் நிறம் இருந்தது, முன்பு இருந்த கருப்பு இல்லை. அடுத்த வலைக்குக் குழாயை இரண்டு பக்கமும் ஒரு நூலளவு வெளியே நீட்டி வைத்துப் பார்க்கப் போகிறோம்.