அக்ராவுக்கு முதல் பயணம்: எந்த மாத்திரை, எந்த வண்டி?

கானாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் திருடனைப் பற்றித்தான் கேட்பார்கள். தலைநகர் அக்ராவின் சந்தை நெரிசலில் கைப்பேசி பறிபோவது உண்டுதான். ஆனால் புதிதாகப் போகிறவர் அதைவிட அதிகமாக அஞ்ச வேண்டியவை கொசுவும் சாலையும்.

முதலில், பேரத்துக்கு இடமில்லாத ஒன்று: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்தச் சான்றிதழைக் கானாவில் நுழையும்போதும் கேட்பார்கள், இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுள் முழுக்க அதுவே போதும்.

மலேரியா மாத்திரையில்தான் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே வரும். "நம் ஊரில் பார்க்காத மலேரியாவா?" என்பவர்களைக் கண்டால் எனக்குப் பயம். கானாவில் பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபேரம் வகை. மூளையைத் தாக்கி, சில நாட்களிலேயே ஆளை முடித்துவிடக்கூடியது. பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினை நம்பிப் போகக்கூடாது. நோய் வராமல் தடுக்க மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருவது மூன்று மருந்துகளில் ஒன்றை.

அட்டோவகோன்-புரோகுவானில் கலவையை நாள்தோறும் விழுங்க வேண்டும். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் 7 நாள் வரை. தொந்தரவு குறைவு, விலை அதிகம். டாக்சிசைக்ளின் மலிவு, அதுவும் தினசரி மாத்திரைதான், ஆனால் திரும்பிய பின்னும் 4 வாரம் தொடர வேண்டும். அதைச் சாப்பிடுகிறவருக்கு வெயில் சுட்டெரிக்கும். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. மெஃப்ளோகுயின் வாரம் ஒன்றே என்பதால் ஆசை காட்டும். ஆனால் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் வரலாம். 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

இரண்டு வாரப் பயணம் என்றால் செலவைப் பாராமல் முதலாவதை வாங்குவேன். ஆறு மாத வேலைக்குப் போகிறவருக்கு டாக்சிசைக்ளின் கட்டுப்படியாகும். அதில் பலரும் தவறுவது அந்தக் கடைசி 4 வாரத்தில்தான்; வீட்டுச் சோறு சாப்பிடத் தொடங்கியதும் மாத்திரை மறந்துவிடுகிறது. யாருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எதை விழுங்கினாலும் அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டையும் இரவில் வலையும் வேண்டும். திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் "கானா போய் வந்தேன்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்தது வண்டி. ட்ரோ-ட்ரோ என்பது நம் ஷேர் வேனின் அண்ணன். வாசலில் தொங்கும் உதவியாளரை 'மேட்' என்பார்கள். குவாமே என்க்ருமா சர்க்கிளுக்குப் போகிற வண்டி என்றால் "சர்க், சர்க்" என்று கூவுவார். பகலில், தெரிந்த வழியில், பை மடியில் இருக்கிறவரை ட்ரோ-ட்ரோவில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சாதாரண டாக்சிக்கு மீட்டர் கிடையாது. கட்டணத்தைப் பேசி முடித்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். உபர், போல்ட், யாங்கோ செயலிகள் பேரத்தை ஒழித்தன. ஆனால் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்து "எங்கே போகிறீர்கள், ரொக்கமா?" என்று கேட்பது வழக்கம், மிரள வேண்டாம். எண்பலகை பொருந்துகிறதா என்று பார்த்து ஏறுங்கள். இருட்டிய பின் இந்தச் செயலி வண்டிதான். 'ஒகடா' எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள் எந்த நேரத்திலும் வேண்டாம்.

கானாவின் இன்னொரு பெரிய நகரமான குமாசிக்கு அக்ராவிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இரவு பஸ் ஒரு நாள் விடுதி வாடகையை மிச்சப்படுத்தும். ஆனால் பழுதாகி நடுச்சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள் இருக்கும் வழியில் அந்த மிச்சம் எனக்கு வேண்டாம். விடிந்ததும் கிளம்பும் பஸ், கையில் காசிருந்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானம்.

நடந்து போகிறவருக்கும் ஒரு பொறி உண்டு. கானா 1974 ஆகஸ்ட் 4 அன்று சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. நம் கழுத்தோ பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கமிருந்து வரும். சாலையோரத்தில் மூடியில்லாத ஆழமான சாக்கடைகள் வேறு. மின்வெட்டுக்கு அங்கே 'தும்சோர்' என்று செல்லப்பெயர்; அந்த இருட்டில் கால் உள்ளே போனால் எலும்பு முறியும். சட்டைப்பையில் சின்ன டார்ச் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஊரே குடிப்பது 500 மில்லி பாக்கெட்டை, 'பியூர் வாட்டர்' என்று. முனையைக் கடித்து உறிஞ்சுவது தமிழ்நாட்டில் 2019 தடைக்கு முன் நமக்குப் பழகியதுதான். முதல் வாரம் மட்டும் முத்திரை உடையாத பாட்டிலோடு இருந்துவிடலாம். குழாய்த் தண்ணீரில் பல்கூடத் துலக்க வேண்டாம்.

காசை இடக்கையால் நீட்டாதீர்கள் என்று மட்டும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கேயும் அது அவமதிப்புதான். அக்ராவின் லபாடி கடற்கரையில் அலை அழகாக இருக்கும். கீழே நீரோட்டம் ஆளை இழுக்கும். முழங்காலளவு போதும், நீச்சல் விடுதிக் குளத்தில். அவசரத்துக்கு 112.