ரங்கூன் காளி கோவில் பக்கத்து மருந்துக் கடை, என் அனுபவம்

விலை மத்த கடையை விட கொஞ்சம் கூடத்தான், அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனாலும் நான் இங்கதான் வாங்கறேன்.

காரணம் அந்தக் காகிதக் கவர். மேல சூரியன், நிலா வரைஞ்சு, எத்தனை மாத்திரையோ அத்தனை கோடு போட்டு, சாப்பிட்ட பிறகுன்னா பக்கத்துல காலித் தட்டு வரைஞ்சு, கீழ பர்மியத்துலயும் எழுதித் தராங்க. இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. எங்க வீட்டையே எடுத்துக்குங்க, பாட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்க, அவங்களுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும், 1960கள்ல தனியார் பள்ளிக்கூடத்தை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு படிச்ச அம்மாவுக்கு பர்மியம் மட்டும்தான், மாத்திரை வர்றது இந்தியாவுலேர்ந்து, அட்டை பூரா இங்கிலீஷ்! ரெண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு தங்கச்சி ஸ்கூல் விட்டு வர்ற வரைக்கும் வச்சிருப்பாங்க. எங்க பில்டிங்ல படிக்கற பிள்ளை இருக்கற வீட்லதான் சக்கரை மாத்திரை வேளை தப்பாம போகுது, இல்லாத வீட்ல ஞாபகம் வந்தா போடறாங்க.

இன்னொண்ணு, பல கடைல உடம்பு வலின்னு சொன்னா போதும், கலர் கலரா நாலஞ்சு மாத்திரையை ஒண்ணாப் போட்டுக் குட்டிப் பையில கொடுத்துடுவாங்க, பேரே இருக்காது. அதுல ஸ்டீராய்டு இருந்தா வலி சட்டுனு விடும், பின்னாடி சக்கரை ஏறும், முகம் ஊதும். இங்க அதை விக்கறதே இல்ல. பாரசிட்டமால் கேட்டா சளிக்கு வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்க, சளி மாத்திரை பலதுலயும் அதே மருந்து கலந்திருக்கு, பெரியவங்களே 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8க்கு மேல போட்டா ஈரலுக்கு ஆபத்து. வயித்துப்போக்குக்குக் கரைச்சுக் குடிக்கற ஓஆர்எஸ் பவுடர் பெரிய பாக்கெட் வாங்கினா 1 லிட்டர் தண்ணிக்கு முழுசா போடணும், கொஞ்சங் கொஞ்சமா டம்ளர்ல கலக்கக்கூடாதுன்னு கடைல மருந்து எடுத்துத் தர்ற அக்கா தமிழ்லயே சொன்னாங்க.

குறையும் இருக்கு. சாயங்காலம் நிக்கற பையன் அட்டையைக் கத்தரிச்சுத் தர்றப்போ காலாவதி தேதி இருக்கற ஓரம் அவன்கிட்டயே நின்னுடுது, கேட்டா முறைக்கறான். உக்கார ஒரு ஸ்டூல் கூட கிடையாது.

போறதுன்னா அக்கா இருக்கற காலை நேரத்துல போங்க, பழைய அட்டை இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க.