கீலாகர் புகுந்த வீட்டுக் கணினி: ஸ்கேனா, ரீசெட்டா, ஃபார்மட்டா, கடையா?

நான்கு வழிகளையும் எடை போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கணினியின் இணையக் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். நீங்கள் விசைப்பலகையில் தட்டியதைச் சேர்த்து வைத்து அவ்வப்போது வெளியே அனுப்புவதுதான் கீலாகர் என்ற உளவு மென்பொருளின் பிழைப்பு. இணைப்பு இல்லாவிட்டால் சேர்த்தது சேர்த்த இடத்திலேயே கிடக்கும்.

அடுத்தது கடவுச்சொற்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பயத்தில் அதே கணினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். பழைய சாவியைத் திருடியவனுக்குப் புதுச் சாவியையும் வெட்டிக் கொடுப்பது போலத்தான் அது. கைப்பேசியை எடுத்து, அதன் டேட்டாவில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற கணக்குகளின் ரீசெட் இணைப்பெல்லாம் அங்கேதான் வந்து விழும். பிறகு வங்கி, அதன்பின் இபிஎஃப், வருமான வரிக் கணக்கு. மின்னஞ்சலில் கடவுச்சொல்லை மாற்றியதோடு நிறுத்தாமல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். உங்களுக்குத் தெரியாத ஃபார்வர்டு முகவரி அமைப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலேசிய வங்கிகள் கணக்கை நாமே உடனே முடக்கும் 'கில் ஸ்விட்ச்' வசதியைத் தருகின்றன. சந்தேகம் இருந்தால் தயங்காமல் அழுத்துங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் வங்கியின் அவசர எண்ணுக்கோ, தேசிய மோசடி உதவி மையத்தின் 997-க்கோ உடனே அழையுங்கள். கணினி காத்திருக்கும், பணம் காத்திருக்காது.

திரையில் தெரியும் விசைப்பலகையை மவுஸால் தட்டினால் தப்பிக்கலாம் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏஜென்ட் டெஸ்லா போன்ற கீலாகர்கள் திரையைப் படம் எடுக்கும், காப்பி செய்ததைப் படிக்கும், பிரவுசரில் சேமித்து வைத்த கடவுச்சொற்களை அப்படியே அள்ளும். விசையைத் தொடாவிட்டாலும் பயனில்லை.

ஸ்கேன்

காசும் இல்லை, நேரமும் அதிகம் இல்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குள் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் எழுந்திருக்கும் முன்பே சுமார் 15 நிமிடம் தேடும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்த மால்வேர், விண்டோஸே ஓடாதபோது ஒளிய முடியாது என்பதுதான் இதன் பலம். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவி கேட்கலாம். அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே கைப்பேசியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஸ்கேனரிலும் சரிபார்க்க, மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு போதும்.

ஸ்கேனுக்கு முன் டிஃபெண்டரின் 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். கிராக் செய்த (லைசென்ஸை உடைத்த) மென்பொருளோடு வந்த கீலாகர், "இந்த ஃபோல்டரைத் தேடாதே" என்று தன் வீட்டையே அங்கே எழுதி வைத்திருக்கலாம். சில நேரம் சி டிரைவ் முழுவதுமே அதில் இருக்கும். அதை நீக்காமல் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் 'பிரச்சினை இல்லை' என்றுதான் வரும்.

விசையைக் கவனிக்கும் எல்லாமே திருடனும் அல்ல. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுச் செயலிகளும் நீங்கள் தட்டுவதைக் கவனித்துத்தான் எழுத்தாக மாற்றுகின்றன. ஸ்கேனர் அப்படி ஒன்றைக் குறை சொன்னால் பதறி அழிக்காமல், அது அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியதா, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதா என்று யோசியுங்கள். இரண்டாவது என்றால் அழித்துவிட்டு, அசல் தளத்திலிருந்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

ஸ்கேன் எதைக் கண்டுபிடித்தது என்று சொல்லும். எதைத் தவறவிட்டது என்று சொல்லாது. அந்தக் கணினியில் வங்கி வேலை செய்கிறவர்களுக்கு இது நோயறியும் கருவி மட்டுமே, மருந்து அல்ல.

ரீசெட்

செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி, ரீசெட். பென்டிரைவ் வேண்டாம், வேறு கணினி வேண்டாம். ஆனால் உள்ளே கேட்கும் கேள்விகளுக்குத் தவறான பதில் சொன்னால் பாதி வேலைதான் நடக்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் நிறுவிய செயலிகள் போகும், டவுன்லோட்ஸில் பிடிஎஃப் போல நடித்துக்கொண்டு கிடக்கும் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' போன்ற செயலி போகாது, அடுத்த வாரம் யாராவது மறுபடி கிளிக் செய்வார்கள். 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' அதே டிஸ்க்கில் உள்ள கோப்புகளை வைத்துத்தான் கட்டும். 'கிளவுட் டவுன்லோட்' சுமார் 4 ஜிபி இறக்கிப் புதிதாகக் கட்டும். இரண்டாவதையே எடுங்கள். அதற்கு மட்டும் இணையத்தை மறுபடி இணைக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் எதிலும் லாகின் செய்யாதீர்கள். டிஸ்க்கை சி, டி என்று பிரித்து வைத்திருந்தால், 'ஆல் டிரைவ்ஸ்' தேர்ந்தெடுக்காதவரை டி அப்படியே இருக்கும்.

ஃபார்மட்

எங்கள் தீர்ப்பு இதற்குத்தான். மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல், 8 ஜிபி பென்டிரைவ், சுத்தமான வேறொரு கணினி. அந்த மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள்: பாதித்த கணினியிலேயே செய்த பென்டிரைவை நம்ப முடியாது. பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் குடும்பப் படம் உள்ளதை எடுக்காதீர்கள்.

முதலில் படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இஎக்ஸ்இ, ஜிப், ஐஎஸ்ஓ, மேக்ரோ உள்ள எக்செல் கோப்பு எதுவும் வேண்டாம். ஃபைல் எக்ஸ்புளோரரில் கோப்பின் பின்னொட்டைக் காட்டும்படி வைத்துக்கொண்டால்தான் இரட்டைப் பெயர்க் கள்ளன் தெரிவான்.

கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவுக்கு லெனோவோ, டெல்லில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷனையும் (சி, டி போன்ற பிரிவுகளையும்) அழித்து, வெற்றிடத்தில் நிறுவுங்கள். இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, சில இன்டெல் மடிக்கணினிகளில் டிஸ்க்கே பட்டியலில் வராது. டிஸ்க் கெட்டுவிடவில்லை, இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரை பென்டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுத்தால் வந்துவிடும். இரண்டு, வைஃபை டிரைவர் இல்லாமல் விண்டோஸ் 11 'இணையத்தில் இணை' என்று அடம்பிடித்து நிற்கும். கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள், நகர்ந்துவிடும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம்: அசல் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்த அதே கணினி என்றால், அதே பதிப்பை நிறுவும்போது தானாகவே ஆக்டிவேட் ஆகும்.

எல்லாம் முடிந்து குரோமில் உள்நுழைந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்கள் சிங்க் வழியாகத் திரும்பி வரும். திருட்டு எக்ஸ்டென்ஷனும் வரும்! சிங்க்கை இயக்கும் முன் எக்ஸ்டென்ஷனை மட்டும் அணைத்து வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எப்படியும் ஃபார்மட் செய்கிறீர்கள் என்றால், கணினி ஏற்றுக்கொள்ளும்பட்சத்தில் 11-ஐயே போடுங்கள்.

கடை

கோலாலம்பூரில் லோ யாட் பிளாசா, பினாங்கில் கொம்தார் பக்கம் என்று கொண்டுபோய்க் கொடுப்பது சுலபம். பென்டிரைவ், பூட் மெனு என்றாலே தலை சுற்றுகிறவர்களுக்கு இது நியாயமான வழிதான். எந்தக் கடையானாலும் கொடுக்கும் முன் கேளுங்கள்: போடப்போவது மைக்ரோசாஃப்டின் அசல் ஐஎஸ்ஓவா (நிறுவல் கோப்பா), லைசென்ஸ் இல்லாமல் ஆக்டிவேட் செய்யும் ஆக்டிவேட்டர் எதுவும் சேர்க்கிறீர்களா, எல்லாப் பார்ட்டிஷனும் அழியுமா? "ஆஃபிஸும் ஃபோட்டோஷாப்பும் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிராக் வழியே வந்ததைத் துரத்த, இன்னொரு கிராக்கையே காசு கொடுத்து வாங்குவானேன்?

இந்த நான்குமே பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. விசைப்பலகைக் கேபிளுக்கும் கணினிக்கும் நடுவே செருகியிருக்கும் விரல்நுனி அளவு யுஎஸ்பி கருவி. அது மென்பொருள் அல்ல, எனவே ஸ்கேனில் தெரியாது, ஃபார்மட்டில் போகாது. அறை வாடகைக்கு விட்ட வீட்டிலும் பலர் புழங்கும் சின்ன அலுவலகத்திலும் மேசைக்கடியில் குனிந்து பின்பக்கத்தை ஒரு முறை பாருங்கள். இருந்தால், அது இருக்கும் நிலையிலேயே படம் எடுத்துவிட்டுக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். போலீஸ் புகாருக்கு அதுதான் சான்று.