க்ரூசரா, ஸ்னேக்கா: ஒரே உடலுக்கு இரண்டு பாய்மரமா, மூன்றா?

தளத்தில் துளை போடும் வரைக்கும் அது எந்தக் கப்பல் என்று முடிவாகவில்லை. 1:64 அளவில் நான் கட்டிக்கொண்டிருந்த மரக்கப்பலின் உடல் முடிந்து, தளப் பலகையும் ஒட்டியாகிவிட்டது. இரண்டு பாய்மரம் நட்டால் நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் போர்க்கலமான க்ரூசர். அவற்றின் இடத்தைக் கொஞ்சம் மாற்றி, பின்னால் மூன்றாவதாக ஒன்றையும் நட்டால் ஸ்னேக். ஆறு வாரம் துளைப்பானைத் தொடவில்லை. அந்த ஆறு வாரத்தில் யோசித்ததை எழுதுகிறேன்.

இப்படி ஒரு குழப்பம் வரக் காரணம் பிரிட்டிஷ் கடற்படையேதான். 1796 டிசம்பரில் அவர்கள் நான்கு சிறிய போர்க்கலங்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். சர் வில்லியம் ரூல் வரைந்த ஒரே உடலில் இரண்டு. சர் ஜான் ஹென்ஸ்லோ வரைந்த ஒரே உடலில் இரண்டு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இரட்டைப் பாய்மர பிரிக், மற்றது மும்மரக் கலம். எது மேல் என்று கடலிலேயே பார்த்துவிடலாம் என்பது திட்டம். ஹென்ஸ்லோவின் பிஸி, எகோ இரண்டும் அத்தோடு நின்றன. ரூலின் ஜோடிதான் க்ரூசரும் ஸ்னேக்கும். அதே வடிவத்தில் ஸ்னேக்குக்கு ஒரு தங்கைக் கப்பல் கிடைத்தது. க்ரூசருக்கோ நெப்போலியன் போர்கள் முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தங்கைகள்.

பீரங்கியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. க்ரூசரில் 32 பவுண்டு குண்டு வீசும் காரனேடுகள் 16, அணியத்தில், அதாவது முன்முனையில், 6 பவுண்டு நீளப் பீரங்கிகள் 2. ஒரு பக்கத்து வீச்சு 262 பவுண்டு. இதைவிடப் பெரிய போர்க்கப்பலான 36 பீரங்கி ஃப்ரிகேட் ஒன்றின் முதன்மைத் தளத்தில் ஒரு பக்கத்துக்கு 18 பவுண்டு பீரங்கி 13, அதாவது 234 பவுண்டு. நூறு அடி நீளமும் 121 ஆட்களும் கொண்ட கலத்துக்கு இது பயங்கரமான பலம். ஆனால் நெருங்கினால்தான். காரனேடு குட்டையானது, தூரத்தில் பயன்படாது.

வேகத்தைப் பற்றி வாதாடவும் எனக்கு விருப்பமில்லை. உடல் ஒன்றுதானே. என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு.

ஒரு பாய்மரம் என்றால் ஒரு கழி என்று நினைக்கிறவர்கள் மாதிரிக் கப்பலில் ஒரு முறையாவது கயிறு கட்டிப் பார்க்க வேண்டும். அடிமரம், அதன் மேல் இடைமரம், அதற்கும் மேல் நுனிமரம். இருபுறமும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் நிலைக்கயிறுகள். பாயைத் தாங்கும் குறுக்குக்கழியான பருமல் ஒவ்வொன்றையும் மேலே ஏற்றுவதற்கு ஒரு கயிறு, திருப்ப இருபுறமும் கயிறு, பாயைச் சுருட்டத் தனிக் கயிறுகள், அவை ஓட வரிசையாகக் கப்பிகள். கயிறு அத்தனையும் சணல்நார். நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். நிலைக்கயிறுக்கு ஓயாமல் கீல் பூச வேண்டும். ஓடுகயிறு கப்பியில் உரசியே தேயும். பின்மரம் மற்ற இரண்டையும்விடச் சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மேலே சொன்ன பட்டியலில் அநேகமாக எல்லாமே அதற்கும் உண்டு.

இனி அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். பிரிட்டனுக்குச் சணல் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்தது. நல்ல பாய்மரக் கட்டைகளும் ரீகா துறைமுகம் வழியாக வந்தன. 1807-இல் டில்சிட் ஒப்பந்தத்தில் ரஷ்யா நெப்போலியன் பக்கம் சாய்ந்ததும் அந்த வழி நெருக்கடிக்குள்ளானது. கட்டைக்குக் கனடாவை அதிகமாக நம்ப வேண்டி வந்தது. கப்பிகளின் தேவை எவ்வளவு என்றால், போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் பொறியாளர் புரூனெலின் இயந்திரங்கள் 1808-இல் ஆண்டுக்கு 1,30,000 கப்பி செய்தன. ஒரு கப்பலில் ஒரு மரம் குறைவது சின்ன மிச்சமாகத் தெரியலாம். நூறு கப்பலில் குறைந்தால் நூறு பாய்மரம், அவற்றின் பருமல்கள், பாய்கள், மைல் கணக்கில் கயிறு. வணிகக் கப்பல்களுக்குக் காவலாகத் துறைமுகத்தை விட்டு மாதக்கணக்கில் அலைகிற கலத்துக்குப் பழுதாகும் பொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. க்ரூசரை நான் விரும்ப இதுவே முதல் காரணம்.

ஆனால் இதே மிச்சம்தான் அதைக் கொல்லவும் செய்தது. அதை மறைத்துவிட்டு க்ரூசரைப் புகழ எனக்கு மனம் வராது.

1812 அக்டோபர் 18. ஹோண்டுராஸ் வளைகுடாவிலிருந்து வரும் வணிகக் கப்பல்களுக்குக் காவலாக வந்த ஃப்ராலிக், க்ரூசர் வகை பிரிக். அதற்குச் சற்றுமுன் அடித்த புயலில் பெரிய மரத்தின் பிரதான பருமல் போய்விட்டது. எதிரில், அப்போது பிரிட்டனோடு போரில் இருந்த அமெரிக்காவின் வாஸ்ப், மூன்று பாய்மரம். சண்டையில் வாஸ்ப்பின் நடுமரத்து இடைமரம் முறிந்தது, மரத்துக்குப் பின்னால் நீட்டி நிற்கும் பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் மேல்கழி போனது, பின்மரத்தின் நுனியும் போனது. இருந்தும் அது சண்டையை நடத்திக்கொண்டே இருந்தது. ஃப்ராலிக்கில் மேல்கழியைப் பிடித்திருந்த கயிறுகள் அறுந்ததுமே கதை முடிந்தது. பிரிக்கில் பின்பக்கத்துப் பாய் அத்தனையும் அந்த ஒரே பெரிய மரத்தை நம்பி இருக்கிறது. அங்கே பாய் இல்லையென்றால் கப்பல் சுக்கானுக்கு அடங்காது. எதிரி விரும்பிய கோணத்திலிருந்து அடித்தான். சரணடைந்த பிறகு அதன் இரண்டு மரங்களுமே சாய்ந்தன. (அன்றே பிரிட்டனின் 74 பீரங்கிக் கப்பல் பாய்க்டியர்ஸ் வந்து, வென்றதையும் தோற்றதையும் சேர்த்துப் பிடித்தது தனிக்கதை.)

1813 பிப்ரவரியில் பீகாக் என்ற இன்னொரு க்ரூசரைக் கால்மணி நேரத்துக்குள் அடித்து மூழ்கடித்த ஹார்னெட்டும் மூன்று மரம்தான். அது பிரிக்காகப் பிறந்து, பிற்பாடு மூன்றாவது மரம் பெற்றது. 235 டன் செரோக்கி என்ற இன்னொரு பிரிட்டிஷ் பிரிக் வகையிலும் இதே கதை நடந்தது. டார்வின் பயணம் செய்த பீகிள் அந்த வகைதான். ஆய்வுக் கலமாக மாற்றியபோது அதற்கும் பின்மரம் ஒன்று சேர்த்தார்கள். செரோக்கிக்கு மாலுமிகள் 'சவப்பெட்டி பிரிக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதனாலேயே, எதைக் கட்டலாம் என்று யோசித்த பட்டியலில் அதை முதலிலேயே விட்டுவிட்டேன்.

தோல்விகள் எல்லாவற்றையும் மரக்கணக்கில் எழுதிவிடவும் முடியாது. அமெரிக்கப் பீரங்கிக்காரர்கள் நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள். 1813 ஆகஸ்டில் பெலிக்கன் என்ற க்ரூசர் அமெரிக்காவின் ஆர்கஸைப் பிடித்தது, ஆர்கஸும் பிரிக்தான். மரம் சமமாக இருந்தபோது க்ரூசரின் கனத்த காரனேடுகள் பேசின.

மும்மரக் கலத்துக்கு இதுவரை நான் கயிறு கட்டியதில்லை. அதன் வேலைப்பளுவை நூலில் படித்துத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு கப்பலை நம்பி எதிரியின் முன் நிற்க வேண்டுமென்றால் ஸ்னேக்கையே கேட்பேன். நூறு கப்பல் ஒரே சமயத்தில் வேண்டும், சணல் தட்டுப்பாடு, பால்டிக்கிலிருந்து ஜமைக்கா வரை காவல் என்றால் க்ரூசர். அன்றைய பிரிட்டனின் நிலைமை இரண்டாவதுதான். கைக்குக் கிடைத்த நல்ல மரத்தையும் விடவில்லை. பம்பாயில் தேக்கிலேயே 1814-இல் விக்டரையும் 1815-இல் ஸீப்ராவையும் க்ரூசர் வடிவத்தில் இறக்கினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு துளை போட்டேன். பின்மரத்துக்கென்று சீவி வைத்திருந்த குச்சியை இன்னும் கொஞ்சம் இழைத்து, பெரிய மரத்தின் மேல்கழியாக்கிக்கொண்டேன். ஃப்ராலிக்கில் அறுந்த கயிறுகளை அதில்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன்.