உச்சிப்புளியில் ஒரு கொக்கிக் கம்பி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கி.மீ. கூடாரத்தைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வரும் இருவருக்கு இது பெரிய தூரமே இல்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வழியாக இறங்கிய பாதையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. உச்சிப்புளிக்குக் கொஞ்சம் முன்னால் பின்வீலில் ஒரு போக்ஸ் கம்பி அறுந்தது. எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

அறுந்தது கியர் பக்கத்துக் கம்பி. சுமை ஏற்றிய வண்டியில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் அறும். கியர் பற்களுக்கு இடம்விட்டு வீல் கட்டியிருப்பதால் அங்கே கம்பிகள் செங்குத்தாக, அதிக இறுக்கத்தில் நிற்கும். கூடாரம், அடுப்பு, தண்ணீர் எல்லாம் பின்கேரியரில். பேருந்துக்கு ஒதுங்கித் தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கும் ஒவ்வொரு முறையும் அடி அந்தக் கம்பிகளின் வளைந்த கழுத்தில் விழுகிறது. நெதர்லாந்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை கூடவே ஓடும். இங்கே வண்டிகளுக்குப் போக மிஞ்சிய மண்தான் நமக்கு, அந்த மண் முழுக்கச் சீமைக்கருவேல முள். இத்தனை சைக்கிள் ஓடிய மாவட்டத்தில் சைக்கிளுக்கு இரண்டடி தார் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

புதுக் கம்பியை ஹப் எனும் வீலின் நடு உருளையிலுள்ள துளையில் கோர்க்க, கேசட் எனும் பின்பக்கக் கியர் பற்சக்கர அடுக்கைக் கழற்ற வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பல் கொண்ட தனிச் சாவி வேண்டும். உச்சிப்புளியில் பார்த்த சைக்கிள் கடையில் ஃப்ரீ வீல் கழற்றும் சாவிதான் இருந்தது, அது இதில் உட்காராது. கடைக்காரர் வீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “கழட்ட வேணாம் தம்பி, கொக்கி போட்டுக்கலாம்” என்றார்.

நம் ஊர் 28 அங்குல வண்டிக் கம்பி ஒன்றை எடுத்துத் தலையை வெட்டினார். மரை இருக்கும் முனையைத் தொடவில்லை. பக்கத்துக் கம்பியோடு வைத்து அளந்து, ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, குறட்டால் முதலில் ஒரு மடிப்பு, அதற்கு எதிர்த்திசையில் இன்னொன்று. கேசட்டுக்கும் ஹப் விளிம்புக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக அந்தக் கொக்கி துளைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும், இறுக்கினால் வெளியே வராது. கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் நிப்பிளையும் அதே கம்பியின் ஜோடியாகப் போட வேண்டும், பழைய நிப்பிளில் மரை சேராமல் போகலாம். கம்பி முனை நிப்பிளுக்கு மேல் நீட்டினால் டியூபைக் குத்தும், ஆகவே அரத்தால் ராவிவிட்டு ரிம் நாடாவை ஒட்ட வேண்டும்.

பிறகு கோட்டம் எடுத்தார், அதாவது ரிம்மின் கோணலை நேராக்கினார். அந்த நேர்த்தியைப் பார்த்தே பல வருடமாகிறது. ஸ்டாண்டு கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பிரேக் கட்டையை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்தால் ரிம் எங்கே ஒதுங்குகிறதோ அங்கே கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இந்தப் பக்கத்தைக் கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுற்றிவிடுவது. ஒரே தடவையில் அரைச் சுற்றுக்கு மேல் போனால் ரிம் வேறிடத்தில் கோணும். கடைசியில் கம்பிகளை விரலால் சுண்டி, ஒரே பக்கத்துக் கம்பிகள் ஒரே சுருதியில் பேசுகிறதா என்று கேட்டார். நெதர்லாந்தில் இதே வேலைக்கு முன்பதிவு கேட்பார்கள், நாள் தள்ளிப் போகும். இங்கே ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. காசு கேட்கவே தயங்கினார், பார்த்துக் கொடுங்கள்.

மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்த கடைகள் எல்லாம் இப்போது பைக் மெக்கானிக் கடைகளாகிவிட்டன. கோட்டம் எடுக்கத் தெரிந்த கை இன்னும் எத்தனை ஊரில் மிச்சம் என்பதுதான் கவலை. ஆகவே வெளிநாட்டிலிருந்து வண்டி கொண்டுவருகிறவர்கள் இந்தக் கடைகளுக்கு ஒத்துவருகிற மாதிரிக் கொண்டுவாருங்கள். கேசட் சாவி உள்ளங்கைக்குள் அடங்கும், அதை மட்டும் எடுத்து வந்தால் போதும். 24 மி.மீ. ஸ்பேனரும், கேசட்டைச் சுழலாமல் பிடிக்கப் பழைய செயின் துண்டும் கடையில் தேடினால் கிடைக்கும். சொந்த அளவுக் கம்பி நான்கு, நிப்பிளோடு, ஃபிரேமில் டேப் சுற்றி வையுங்கள். கொக்கிக் கம்பி தற்காலிகம்தான், தினம் காலையில் சுண்டிப் பார்க்க வேண்டும். கனமான சாமானில் பாதியை முன்வீலுக்கு மாற்றுங்கள்.

டயர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஊர் வண்டியும் 28 அங்குலம், வெளிநாட்டு வண்டிகளின் 700சி அளவும் 28 அங்குலம் என்பார்கள். ஆனால் ஊர் ரிம் 635 மி.மீ., 700சி ரிம் 622. ஒன்றின் டயர் மற்றதில் சேராது. டியூப் சேரும், அகலமான டயராக இருந்தால். அதற்கும் ரிம் துளை பெரிதாக இருக்க வேண்டும். ஒல்லி பிரெஸ்டா வால்வுக்குப் போட்ட துளையில் வால்டியூப் வைத்த ஊர் வால்வு நுழையாது. பைக் டயர் வால்வுக்குத் துளையிட்ட ரிம்மே இந்தக் கரைக்கு ஏற்றது, பங்க்கில் காற்றும் நேராகப் பிடிக்கலாம். பிரெஸ்டாதான் என்றால் பித்தளை அடாப்டர் இரண்டு வேண்டும், ஒன்று எப்படியும் தொலையும். பஞ்சர் ஒட்டியதும் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து முள்முனை சிக்குகிறதா பாருங்கள். கருவேல முள் ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும், மாட்டிய உடனே மறுபடி குத்தும்.

கூடாரம் போடவும் முள்ளைப் பெருக்கிய தரை வேண்டும். மணலில் முளை நிற்காது. பையில் மணலைக் கட்டிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டினால் நிற்கும். மீன்பிடி ஊர்களில் படகு ஏற்றும் இடத்தை விட்டுவிட்டு, ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அரிச்சல்முனையில் மாலைக்கு மேல் நிற்க விடுவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கேயும் தங்க முடியாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சோளகம் எனும் தென்மேற்குக் காற்று. அப்போது சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை என்று மேற்கிலிருந்து மண்டபம் நோக்கி வந்தால் காற்று முதுகில் இருக்கும், தொண்டியிலிருந்து இறங்கினால் முகத்தில் அடிக்கும். வாடைக் காலத்தில் இது தலைகீழ். 2.345 கி.மீ. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று பைகளைப் பிடித்துத் தள்ளும், பலமாக அடித்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தினம் இரவு நல்ல தண்ணீரில் செயினையும் நிப்பிள்களையும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் உப்பு ஏறிவிடும். அப்புறம் கோட்டம் எடுக்கவும் நிப்பிள் திரும்பாது.