லேக் வியூ வீடும் அதன் சுற்றுச்சூழல் அறிக்கையும்

தங்கைக்காக வீடு பார்க்க சென்னையில் பெரும்பாக்கம் பக்கம் போயிருந்தோம். சுமார் 10 ஏக்கர், 1,200 வீடு. பில்டர் பெயர் வேண்டாம். மாடல் பிளாட்டுக்குத் தாராளமாக 4 நட்சத்திரம் தரலாம், சமையலறை, காற்றோட்டம், டைல்ஸ் எதிலும் குறை சொல்ல முடியாது. ஒன்பதாவது மாடி பால்கனியில் நின்றால் பள்ளிக்கரணை சதுப்புநிலம் பச்சையாக விரிகிறது, கூழைக்கடாக்கள்கூடத் தெரிந்தன. சேல்ஸ் பையன் அதை "லேக் வியூ" என்கிறான், அதற்குத் தனி விலை.

ஈ.சி. இருக்கா தம்பி என்று கேட்டேன். வில்லங்கச் சான்றிதழை எடுத்து நீட்டினான். நான் கேட்டது சுற்றுச்சூழல் அனுமதி. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டாலே மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அந்த அனுமதி கட்டாயம். விண்ணப்பமும் அதோடு பில்டர் தரும் சுற்றுச்சூழல் அறிக்கையும் அனுமதிக் கடிதமும் மத்திய அரசின் பாரிவேஷ் இணையதளத்தில் இருக்கும், யாரும் படிக்கலாம். ஆனால் இந்த வகைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது, அதனால் பக்கத்துத் தெருக்காரர்களுக்கு மண் லாரி வரும்போதுதான் விஷயமே தெரிகிறது.

இந்தத் திட்டத்தின் அறிக்கையை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். காம்பவுண்டு சுவருக்கு உள்ளே எல்லாம் கச்சிதம். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர், ஆக ஒரு நாளைக்கு 8.1 லட்சம் லிட்டர் தண்ணீர். கழிவுநீரைச் சுத்திகரித்து ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் விடுவார்கள், சரி. அதற்கும் மேல் மிஞ்சுகிற தண்ணீர் சாலையோர மரங்களுக்குப் போகுமாம். ஐப்பசி மழையில் எந்த மரம் தண்ணீர் கேட்கும்?

மழைநீர்க் கணக்குதான் என்னை உட்கார வைத்தது. சேமிப்புத் தொட்டி 5 லட்சம் லிட்டர், அதுபோக உறிஞ்சு குழிகள். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் (இந்த ஊருக்கு அது அதிசயமில்லை) 10 ஏக்கரில் விழுவது 40 லட்சம் லிட்டர். சதுப்பை ஒட்டிய களிமண், மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும், குழி எதை உறிஞ்சும்? போதாததற்கு மனையை மார்பளவு மண் கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். பின்னால் இருக்கிற பழைய தெரு இப்போது பள்ளத்தில். அறிக்கை இதற்குச் செலவழித்தது ஒரே வரி: உபரி மழைநீர் வெளி வடிகாலில் சேரும்.

அந்த வடிகாலைத் தேடிப் போனேன். நாலு மனை தள்ளி புதருக்குள் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தண்ணீர் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலைப் பிடிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி மூழ்கியதை மறந்தால்தான் அந்த ஒரு வரியை எழுத முடியும்.

இன்னொன்று, உயிரினப் பட்டியல். காகம், மைனா, அணில், ஓணான். அவ்வளவுதான்! பால்கனியில் நின்று நான் பார்த்த கூழைக்கடா விளம்பரத் தாளில் இருக்கிறது, அறிக்கையில் இல்லை. 2022இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 1,247.54 ஹெக்டேர் சதுப்பு கண்ணெதிரே கிடக்கிறது. அதையும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரையும் தொடாதீர்கள், ஆய்வு முடியும்வரை கட்டுமான அனுமதி கிடையாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் சொன்னது. இந்தத் திட்டத்தின் அனுமதி அதற்கு முந்தையது.

வீட்டுக்கு 4, அறிக்கைக்கு ஒன்றரை. நாங்கள் வாங்கவில்லை. நீங்கள் போவதானால் அனுமதிக் கடிதத்தோடு, அதன் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தார்கள் என்று சொல்லும் கடைசி ஆறு மாத இணக்க அறிக்கையையும் கேளுங்கள், அப்புறம் நல்ல மழை நாளில் பின் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். சேல்ஸ் பையன் இன்னும் வாரம் தவறாமல் போன் செய்கிறான். விலையைக் குறைக்கிறேன் என்கிறான், கார் பார்க்கிங் இலவசம் என்கிறான். வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் மட்டும், "மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன் சார்."